உயிரோடிருந்தவளுக்கு ஓர் இரங்கற்பா

பவுல்துரை வாத்தியார் தம் வாழ்நாளில் ஒரு குடை வாங்கியவர் அல்ல. ஆனால் மழை வரும் என்று தினமும் சொல்வார். சித்திரை வெயிலில் தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற ஆரணிக் கடைத்தெருவில் நின்றுகொண்டு, "பெய்யத்தான் போவுது, எல்லாத்தையும் நாசம் பண்ணத்தான் போவுது" என்பார். என்றாவது பெய்துவிட்டால், நனைந்துகொண்டே, "நான் சொல்லல?" என்று கேட்பார். அந்தக் கேள்வியில் இருந்த சந்தோஷத்தை அவர் முகத்தில் வேறு எப்போதும் யாரும் கண்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் தலையைத் துவட்டிவிட அவருக்கு ஒரு மனைவி இருந்தாள். தன் குடையைக் கொடுத்து அனுப்பாமல் விட்டோமே என்று அவள்தான் வருத்தப்படுவாள்.

கெட்டது நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதை அறிவு என்று நினைத்தவர் அவர். எல்லாரும் ஒருநாள் செத்துப்போவார்கள் என்று சொல்கிறவன் எந்தப் பந்தயத்திலும் தோற்க மாட்டான். அந்தப் பெரிய உண்மையைக் கண்டுபிடிக்க அவருக்கு ஓர் எம்.ஏ. பட்டம் தேவைப்பட்டது.

பெரணமல்லூர்ப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் ஏர் பிடித்த ஒரு கூலிக்காரருக்குப் பிறந்தவர் பவுல்துரை. ஊரில் இருந்த சின்னச் சபை அவரை மிஷன் விடுதியில் சேர்த்தது. பிறகு கல்லூரிக்கும் அனுப்பியது. அப்பன் கோவணத்தோடு வரப்பில் நின்று, "எம்புள்ள இங்கிலீசு படிக்குது" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அந்த மனிதருக்குத்தான் எத்தனை நம்பிக்கை! நம்பிக்கை என்பது முட்டாள்களின் வியாதி என்பதைப் பிள்ளை அங்கே கற்றுக்கொண்டிருந்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கற்றுக்கொடுத்தவர் ஓர் ஆங்கிலேயர், கவிஞர். முதலில் பெரிய பெரிய நாவல்கள் எழுதிப் பேர் வாங்கியவர். அந்த நாவல்களை ஒழுக்கக் கேடு என்று பலர் ஏசியதில் மனம் கசந்து, வயதான காலத்தில் கவிதைப் பக்கம் திரும்பியவர். பவுல்துரை அவருடைய நாவல்களைத் தொடவில்லை, பக்கங்கள் அதிகம். சின்னச் சின்னத் தனிப்பாடல்களை மட்டும் எடுத்துக்கொண்டார். அவற்றிலிருந்து அவர் தேற்றிய சாரம் இதுதான்: மேலே இருப்பவர் உலகத்தைப் படைத்துவிட்டு மறந்துபோனார், நடப்பதெல்லாம் குருட்டுத் தற்செயல், ஆசைப்படுகிறவன் ஏமாறப் போகிறவன்.

அதை வைத்தே ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 'தனிப்பாடல்களில் அவநம்பிக்கை' என்று தலைப்பும் வைத்தார். பாதி எழுதினார். பிறகு விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், "முடிச்சா மட்டும் இன்னா ஆயிடப் போவுது?" என்றார்.

இந்த இடத்தில் அந்தக் கவிஞருக்காகவும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கிழவர் இருட்டைப் பற்றி எழுதினார் என்பது உண்மை. ஆனால் இருட்டுக்குள் போய், கண்ணை விரித்து, அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து எழுதினார். எண்பது வயதுக்கு மேலும் மேசையின் முன் உட்கார்ந்து, இந்தச் சொல்லா அந்தச் சொல்லா என்று தவித்தார். எதற்கும் அர்த்தமில்லை என்று நிஜமாகவே நினைப்பவன் ஒரு சொல்லுக்காகத் தவிப்பானா? நம் வாத்தியாருக்கு அந்தத் தவிப்பு வேண்டாம், பார்ப்பதும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டால் யாருக்கும் இருட்டாகத்தான் இருக்கும். அதற்குக் கவிதை எதற்கு?

ஆரணியில் ஒரு டுடோரியலில் அவருக்கு ஆங்கில வாத்தியார் வேலை கிடைத்தது. எஸ்.எஸ்.எல்.சி.யிலும் பி.யு.சி.யிலும் தவறியவர்கள் மறுபடி எழுதுவதற்காகப் படிக்கும் இடம் அது. ஒருமுறை விழுந்து, வீட்டில் வசவு வாங்கி, அழுது முடித்து வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்வார்: "இதோ பாருங்கப்பா, உங்கள்ல முக்காவாசி பேர் மறுபடியும் ஃபெயில்தான். தெரிஞ்சிகினு உக்காருங்க."

"அப்போ ஃபீஸைத் திருப்பிக் குடுத்துடுங்க சார், நாங்க இப்பவே போயிடறோம்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். வகுப்பே சிரிக்கும். அவர் மட்டும் சிரிக்க மாட்டார். சிரிப்பு, சிந்திக்காதவர்களுக்கு உரியது.

இந்த மனிதருக்குத்தான் பாக்கியமேரி வாழ்க்கைப்பட்டாள்.

ஆரணியிலேயே பிறந்து தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். அப்பா அம்மா இல்லை; சத்தியராஜ் என்று ஒரு தம்பி மட்டும். எம்.ஏ. மாப்பிள்ளை என்றதும் சபையே அவளைப் பொறாமையோடு பார்த்தது. கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து, அவர் காலடியில் உட்கார்ந்து ஆசையாகக் கேட்டாள்:

"எப்பப் பாத்தாலும் அந்தப் புக்கையே படிக்கிறீங்களே, அதுல இன்னாதாங்க இருக்குது? எனக்கும் சொல்லுங்களேன்."

வாத்தியார் அன்று உற்சாகமாக இருந்தார்போலும். சொன்னார். "இந்தக் கவிஞரும் அவரு சம்சாரமும் ஒரே வீட்டுல இருந்தாங்க. ஆனா வருஷக்கணக்கா மனசு ஒட்டல. அந்தம்மா மேல்மாடில ஒரு ரூம்ல, இவரு கீழ. ஒருநாள் அந்தம்மா செத்துப் போயிட்டாங்க. அதுக்கப்பறம் எழுதினாரு பாரு பாட்டு! அவங்க நின்ன எடம், நடந்த வழி, போட்டிருந்த டிரஸ் கலரு, எல்லாத்தையும் நெனச்சி நெனச்சி. உலகமே அழுதுது."

பாக்கியமேரி முகவாயில் கை வைத்தாள்.

"அந்தம்மா இருக்கறப்பவே எழுதியிருந்தா, படிச்சிட்டாவது போயிருப்பாளே!"

வாத்தியார் புத்தகத்தை மூடினார். "உனுக்கு இலக்கியம் புரியாது" என்றார்.

அதன்பிறகு அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பிள்ளை பிறக்காத வீட்டில், பேச்சும் பிறக்காமல் வருடங்கள் போயின.

பக்கத்து வீட்டில் சுப்பராயலு பட்டுத்தறி போட்டிருந்தார். அவர் மனைவி பாஞ்சாலைக்குக் கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். தறியில் நீளவாட்டு இழைகளான ஒரு பாவு நெய்து முடியும்போது, புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். அடுப்புச் சாம்பலை விரல் நுனியில் தொட்டுக்கொண்டு செய்கிற வேலை. அந்த வேலைக்குப் பாக்கியமேரி போனாள். டுடோரியல் சம்பளம் வருவதும் வராததும் தற்செயல் என்று தத்துவம் பேசிய வீட்டில், அடுப்பு எரிந்தது அவள் விரல்களால்தான். அந்த விரல்களில் எந்நேரமும் ஒரு சாம்பல் மணம் இருந்தது. அதைப் புருஷன் கவனித்ததாக அவளுக்குத் தெரியாது.

எழுபத்தேழாம் வருடம் அவளுக்கு வயிற்று வலி வந்தது. ஆரணி டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "உள்ள கட்டி இருக்குது. வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்" என்றார். 'சரியாயிடும்' என்ற சொல் வாத்தியாரின் காதில் விழவே இல்லை. 'கட்டி' என்பது விழுந்தது. அதுவே அவருக்குப் போதும்.

அந்த வாரமே அவர் எழுத உட்கார்ந்தார். ஆராய்ச்சியை முடிக்காத கை, டுடோரியல் விடைத்தாள்களைத் திருத்தாத கை, ராத்திரி பகலாக ஓடியது. அடுத்த அறையில் மனைவி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க, இந்த அறையில் அவளுக்கான இரங்கற்பா தயாரானது! "தண்ணி கொஞ்சம் குடுங்களேன்" என்று அவள் கூப்பிட்டபோது, "இரு, ஒரு வரி முடிச்சிட்டு வரேன்" என்றார். பாஞ்சாலை வந்து தண்ணீர் கொடுத்தாள்.

வேலூருக்கு அழைத்துப் போனது தம்பி சத்தியராஜ்தான். பஸ் ஏறுமுன் பாக்கியமேரி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களும் வாங்களேன். பக்கத்துல நீங்க இருந்தா எனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்."

"எனக்கு ஆஸ்பத்திரி வாசனை ஒத்துக்காது. கிளாஸும் இருக்குது."

"ஆபரேஷன் அன்னிக்காவது வந்துடுவீங்க இல்ல?"

"பாப்போம்" என்றார்.

அவள் அந்தப் 'பாப்போம்' என்பதை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். பைத்தியக்காரி! அவர் வருவார் என்று நம்பினாள்.

ஆபரேஷன் நாள் வந்தது. காலையில் தெருவின் நீளத்துக்குச் சுப்பராயலு பாவு நீட்டியிருந்தார். கஞ்சி தெளித்து, இழை இழையாகத் தட்டி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். மேற்கே கொஞ்சம் மேகம். வாத்தியார் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்.

"சுப்பராயலு, பாவு நனையத்தான் போவுது."

"வாயைக் கழுவுங்க வாத்தியாரே! பொண்டாட்டிக்கு இன்னிக்கு ஆபரேஷன், வேலூருக்குப் போவாம இங்க நின்னுகினு மழைக்கு ஜோசியம் சொல்றீங்களே" என்றாள் பாஞ்சாலை.

அவர் பதில் சொல்வதற்குள் தெருமுனையில் காக்கிச் சட்டை தெரிந்தது. வேலூர் பஸ் கண்டக்டர் சின்னக்கண்ணு. பஸ்ஸை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, கையில் ஒரு மஞ்சள் பையோடு வேகமாக வந்தான்.

"வாத்தியார் சார் வீடு இதானே? வேலூர்ல உங்க மச்சான் குடுத்தாரு சார். உங்க வீட்டம்மாவோட சாமானாம். பத்திரமா உங்க கைலயே குடுக்கச் சொன்னாரு."

வாத்தியார் பையைத் திறந்தார். மடித்து வைத்த புடவை. காகிதத்தில் பொட்டலமாகக் கம்மல். அதன் கீழே, மஞ்சள் கயிற்றோடு சுருண்டு கிடந்தது தாலி. அவர் கட்டிய சிலுவைத் தாலி!

"அப்பறம் இன்னொண்ணு சொன்னாரு சார்..."

வாத்தியார் கையை உயர்த்தினார். "போதும் தம்பி. ஒண்ணும் சொல்லாதே. எனக்குத் தெரியும்."

"இல்ல சார், நீங்க திரும்பற வண்டிலயே..."

"தெரியும்னு சொன்னேன் இல்ல? இந்த நாள் வரும்னு எனக்கு எப்பவோ தெரியும்!"

வாசல்படியில் உட்கார்ந்து தாலியை நெற்றியில் வைத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் ஏதோ இரண்டு வரி முணுமுணுத்தார். கண்ணீர் வழிந்தது. அந்தக் கண்ணீர் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் வெகுநாளாகத் தயாராக இருந்த கண்ணீர். கழுத்தில் இருக்க வேண்டிய தாலி கையில் இருப்பதைப் பார்த்ததும் தெருப் பெண்கள் ஓவென்று அலறினார்கள். செத்தவளின் உடைமைகள் அப்படித்தான் வீடு வரும், வேறென்ன நினைப்பார்கள்?

பாஞ்சாலை பாவை விட்டுவிட்டு ஓடி வந்தாள். திகைத்து நின்ற கண்டக்டரின் சட்டையைப் பிடித்தாள்.

"யோவ், எப்போ போச்சாம் உசிரு?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்? சாமானைக் குடுத்துட்டு, எங்க மாமாவை ஜல்தியா ஏத்திகினு வா, ரத்தம் குடுக்கணும், எனக்கு மஞ்சக்காமாலை வந்ததால எம் ரத்தத்தை டாக்டர் வேணாம்ட்டாருன்னு சொன்னாரு. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். சாரு எங்க உட்டாரு?"

"ரத்தமா?" பாஞ்சாலை ஒரு கணம் நின்றாள். "செத்தவளுக்கு எவனாச்சும் ரத்தம் கேப்பானா?"

அழுகை பட்டென்று நின்றது. எல்லாரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். பாஞ்சாலை அவர் எதிரில் போய் நின்றாள்.

"வாத்தியாரே, எழுந்திருங்க. உங்க பொண்டாட்டி உசிரோட கீறா. ஆபரேஷன்னா நகைநட்டெல்லாம் கழட்டிடுவாங்க. எங்க நாத்தனாருக்கும் அப்பிடித்தான் கழட்டி வீட்டுக்கு அனுப்பினாங்க. ரத்தம் வேணுமாம். பஸ் நிக்குது. ஏறுங்க!"

கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கும் என்று கதைகளில் எழுதுகிறோம். அந்தக் காலை வெளிச்சத்தில், அத்தனை பேர் பார்த்திருக்க, பவுல்துரை தலையை நிமிர்த்திச் சொன்ன பதிலைக் கேட்டால் கல்லே வெட்கப்படும்.

"அவன் இதைக் குடுத்தது விடிகாலைல. இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும். போய்ப் பாத்து இன்னொரு தடவை ஏமாற எனக்குத் தெம்பு இல்ல, பாஞ்சாலை. இந்த நம்பிக்கை இருக்குதே, அதுதான் மனுஷனைக் கொல்லுது."

"நம்பிக்கை கொல்லுதோ இல்லியோ, நீ கொன்னுடுவே!" என்றாள் பாஞ்சாலை. அதுவரை 'ங்க' போட்டுப் பேசியவள், அன்றோடு அதை விட்டாள்.

சுப்பராயலு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். தெருவில் கிடந்த பட்டுப் பாவை ஒருமுறை பார்த்தார். மேகத்தை ஒருமுறை பார்த்தார்.

"பாவு?"

"நனைஞ்சா நனையட்டும். நீ நட."

புருஷனும் பெண்டாட்டியும் கண்டக்டரோடு ஓடினார்கள். அவர்களுக்குப் பாக்கியமேரி என்ன சொந்தம்? சாதி வேறு, சாமி வேறு. தறியில் இழை பிணைத்த பழக்கம் ஒன்றுதான்.

பஸ் போன பிறகு வாத்தியார் சும்மா இருந்தாரா என்றால், இல்லை. எந்த நல்ல காரியத்துக்கும் எழுந்திருக்காத மனிதர் அன்று சுறுசுறுப்பாக எழுந்தார். சபைப் போதகர் வீட்டுக்குப் போனார்.

"உறுதியாத் தெரியுங்களா, வாத்தியாரே?" என்று கேட்டார் போதகர்.

வாத்தியார் தாலியை நீட்டினார். போதகர் சாதுவான மனிதர், எம்.ஏ. படித்தவரிடம் இரண்டாவது கேள்வி கேட்கும் துணிவு அவருக்கு இல்லை. கோயில் மணி அடித்தது. கமண்டல நாகநதிக் கரையில் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் தருமன் மண்வெட்டியோடு இறங்கினான். வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பெஞ்சு போட்டு, மதியத்துக்குள் சபையார் வந்து நிறைந்துவிட்டார்கள். வேலூரிலிருந்து உடல் வரும்வரை ஜெபமும் பாட்டும் நடக்கட்டும் என்று முடிவாயிற்று. வாத்தியார் உள்ளே போய்க் கட்டுக் காகிதத்தை எடுத்து வந்தார்.

படித்தார். நன்றாகத்தான் இருந்தது, அதையும் மறைக்க வேண்டாம்.

"சாம்பல் மணக்கும் உன் விரல்களை
சாகும்வரை நான் பிடிக்கவில்லை"

என்று வந்தபோது பெண்கள் விம்மினார்கள். அவள் சிரிக்கும்போது இடது கன்னம் மட்டும் குழிவது அதில் இருந்தது. கோயிலுக்குப் போகும்போது அவர் நிழலை மிதித்துவிடக் கூடாதென்று அவள் ஒதுங்கி நடப்பது இருந்தது. அவருக்காகத் தனியாக எடுத்து வைத்த மீன் துண்டு இருந்தது. அட பாவி மனுஷா! இத்தனையையும் பார்த்திருக்கிறாய். பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்து, ஒரு வார்த்தைகூட அவளிடம் சொல்லாமல், பிணத்துக்காக வைத்திருந்தாயே!

சாயங்காலம், வாத்தியார் இன்னும் படித்துக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் சுப்பராயலு வந்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. பந்தலைப் பார்த்து நின்றார்.

"இன்னாய்யா இது? யாரு வீட்ல சாவு?"

பெஞ்சிலிருந்தவர்கள் பாதி எழுந்தார்கள்.

"உங்க சம்சாரத்துக்கு ஆபரேஷன் முடிஞ்சிப் போச்சி வாத்தியாரே. கண்ணைத் தொறந்துட்டா. தண்ணி கேக்குறா. பாஞ்சாலை கூட இருக்குறா. உங்களைத்தான் மொதல்ல கேட்டா, அவரு வந்தாரான்னு."

"ஸ்தோத்திரம்!" என்று போதகர் கத்திவிட்டார். அழுத பெண்கள் சிரித்தார்கள், சிரித்தபடி மறுபடி அழுதார்கள். எல்லாரும் வாத்தியாரின் முகத்தைப் பார்த்தார்கள். அந்த முகத்தில் ஆனந்தம் இல்லை. பாட்டின் நடுவில் மைக் நின்றுபோன பாடகனின் முகம் அது. கடைசி இரண்டு பக்கம் இன்னும் படிக்காமல் இருந்தது. கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்:

"எத்தினி நாளைக்கு?"

அன்று மழை பெய்யவில்லை. தெருக்காரர்களே பாவை உலர்த்திச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

குழி ஒன்று மிச்சம் இருந்தது. அதை மூடச் சொன்னார் போதகர். தருமன் மறுத்தான். "வெட்டின குழிய வெறுமனே மூடக் கூடாதுங்க ஐயா. உள்ள ஏதாச்சும் ஒண்ணு போகணும். இல்லாட்டி அது ஆளு கேக்கும்." மூட நம்பிக்கை என்று போதகர் கண்டித்தார். ஆனால் மண்வெட்டியைத் தாமே எடுக்கவும் இல்லை. மேலே பலகை போட்டு வைத்தார்கள்.

பாக்கியமேரி தேறி வந்தபோது தெருவே வாசலில் நின்றது. இளைத்து, வெளுத்து, பாஞ்சாலையின் தோளைப் பிடித்துக்கொண்டு தெருமுனையிலிருந்து நடந்து வந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாளாம். வாத்தியார் ஒருநாளும் வரவில்லை. குணமாகிறாள் என்று நம்பிப் போய், அங்கே வேறு விதமாக இருந்துவிட்டால் தாங்க முடியாது என்று இருந்துவிட்டார். நடந்ததையெல்லாம் பாஞ்சாலை வழியிலேயே சொல்லியிருந்தாள்.

வீட்டுக்குள் போனவள் பாயில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஏதோ எழுதினீங்களாமே. படிங்க."

வாத்தியார் தயங்கினார். பிறகு எழுதினவனுக்கே உரிய சபலம் ஜெயித்தது. எடுத்து வந்து படித்தார். இந்த முறை கடைசி வரைக்கும்.

அவள் அசையாமல் கேட்டாள். விரல்கள் வந்த இடத்தில் தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டாள். கன்னக்குழி வந்த இடத்தில் இடது கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். முடிந்ததும் கண்ணைத் துடைத்தாள்.

"இதெல்லாம் நானா?"

"ஆமா."

"எல்லாத்தையும் பாத்துகினுதான் இருந்தீங்களா?"

"பாத்துகினுதான் இருந்தேன்."

"ரத்தம் கேட்டாங்கன்னு பாஞ்சாலை சொன்னப்பறமும் ஏன் வரல?"

வாத்தியார் காகிதங்களை அடுக்கிக் கட்டினார். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அந்த நேரத்தில் அவர் 'பயந்துட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் காலில் விழுந்து அழுதிருப்பாள், எல்லாவற்றையும் மன்னித்திருப்பாள். அவள் அப்படிப்பட்டவள். ஆனால் அவர் சொன்னது வேறு.

"எப்பிடியும் முடிவு ஒண்ணுதானே, மேரி."

பாக்கியமேரி எழுந்தாள். அவர் கையிலிருந்த காகிதக் கட்டை வாங்கிக்கொண்டாள். அவர் நீட்டிய தாலியை வாங்கவில்லை.

"வா பாஞ்சாலை" என்றாள்.

தையல் பிரித்த வயிற்றோடு, ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு, கல்லறைத் தோட்டம் வரை நடந்தாள். பின்னாலேயே தெருவும் நடந்தது. தருமன் பலகையை நகர்த்தினான். தனக்காக வெட்டிய குழியை அவள் எட்டிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள ஏதாச்சும் போடணும்னு சொன்னியாமே?"

"ஆமாம்மா. வெறுமனே மூடக் கூடாது."

"இந்தா. இத்தப் போட்டு மூடு. இதுக்குள்ளதான் வாத்தியாரோட பொண்டாட்டி கீறா."

காகிதங்கள் உள்ளே விழுந்தன. "நகல்கூட எடுத்து வைக்கலியே!" என்று வாத்தியார் பதறியது எல்லார் காதிலும் விழுந்தது. மனைவிக்காக ஓடாத மனிதர் அதற்காக இரண்டடி ஓடி வந்தார். சுப்பராயலு குறுக்கே கை நீட்டித் தடுத்தார். தருமன் மண்ணைத் தள்ளினான்.

அதன் பிறகு பாக்கியமேரி வீட்டை விட்டுப் போய்விடவில்லை. 'போக வேண்டியது நானில்ல' என்று சொல்லிவிட்டாள். பின்கட்டில் இருந்துகொண்டு தறி வேலைக்குப் போனாள். வேளைக்கு ஒரு தட்டில் சோறு வைத்தாள். ஆனால் கழுத்தில் தாலி ஏறவே இல்லை. 'ஏங்க' போய் 'வாத்தியாரே' வந்தது. புதிதாக யாராவது வந்து, "சாரோட சம்சாரம் நீங்கதானா?" என்று கேட்டால், "அவங்க எழுபத்தேழுலயே செத்துப் பூட்டாங்க. ஊருக்கே தெரியுமே!" என்பாள். கேட்டவர் குழம்ப, பாஞ்சாலை தறியிலிருந்து சிரிப்பாள்.

வாத்தியார் சோர்ந்து போனார். மறுபடி எழுதப் பார்த்தார்; வரவில்லை. உயிரோடு எதிரில் நடமாடுகிறவளைப் பற்றி என்னதான் எழுதுவது?

எண்பத்தாறில் ஒருநாள் வகுப்பிலேயே ரத்த வாந்தி எடுத்து விழுந்தார். குடல் புண், கவனிக்காமலே விட்டிருந்தார். கவனித்து என்ன ஆகிவிடப் போகிறது? செய்தி வந்தபோது பாக்கியமேரி இழை பிணைத்துக்கொண்டிருந்தாள். முறுக்கிக்கொண்டிருந்த இழையை முடித்தாள். கையைத் துடைத்தாள். வேலூர் பஸ்ஸில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டும் என்றார்கள். அவள் கையை நீட்டினாள்.

"நீங்க இவருக்கு யாரும்மா?" என்றார் டாக்டர்.

"செத்துப்போன சம்சாரம்."

டாக்டர் விழித்தார்.

"எடுத்துக்குங்க சார். செத்தவ ரத்தம் அவருக்குச் சேருமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

சேர்ந்தது. ஏற்றினார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தார். பிறகு மறுபடி மோசமானது. பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சன்னமான குரலில் அவளிடம் சொன்னது படுக்கையில் கிடந்தவர் காதிலும் விழுந்துவிட்டது. பவுல்துரை கண்ணைத் திறந்தார். எதிரில் ஒன்பது வருடமாக அவர் பேசக் காத்திருந்த ஒருத்தி நின்றாள். அவள் கை அவர் கையைப் பிடித்திருந்தது. அந்த விரல்களில் சாம்பல் மணம் இருந்தது. அவளிடம் சொல்ல எத்தனை இருந்தது அந்த மனிதருக்கு!

"நான் சொல்லல?" என்றார்.

அதுதான் அவருடைய கடைசி வார்த்தை.

அடக்க ஆராதனையில், போதகர் வழக்கம்போல் கேட்டார்: "நம்ம சகோதரரைப் பத்தி யாராவது இரண்டு வார்த்தை பேச விரும்பினா முன்னுக்கு வரலாம்."

டுடோரியலிலிருந்து யாரும் எழுந்திருக்கவில்லை. சபையார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் பாஞ்சாலையின் பக்கத்திலிருந்து பாக்கியமேரி எழுந்தாள். பெட்டியின் அருகே வந்து, வெற்றுக் கழுத்தோடு, அந்த முகத்தைக் குனிந்து பார்த்தாள். நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"இவர்கிட்ட சொல்ல வேண்டியதையெல்லாம் இவரு உசிரோட இருந்தப்பவே சொல்லிட்டேன்" என்றாள். "இப்போ ஒண்ணும் மிச்சமில்ல. மூடிடுங்க."